பெட்டியில் முதல் இடம் புத்தகங்களுக்கு

தம்பிக்கு வணக்கம். அடுத்த மாதம் ஏற்காட்டிலிருந்து குடும்பத்தோடு டொராண்டோவுக்குக் குடிவரப் போவதாகவும், 13 வயது மகளுக்கும் 7 வயது மகனுக்கும் எந்தத் தமிழ்ப் புத்தகங்களைக் கொண்டுவரலாம், அவை இங்கேயே கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாடகை, ஓட்டுநர் உரிமம், குளிருடை ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு விடை சொல்ல இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குளிருடையை மட்டும் சேலத்தில் வாங்காதீர்கள். மலைக்குளிருக்குப் போதுமான கம்பளிச் சட்டை இங்கே ஒரு நாளைக்கும் உதவாது. ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்ற வரம்பில் அந்த எடையைப் புத்தகங்களுக்குக் கொடுங்கள்.

பெரும்பாலான பெற்றோர் சின்னக் குழந்தை தமிழை மறந்துவிடுமே என்று கவலைப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் கவலைப்பட வேண்டியது பெரிய பிள்ளையைப் பற்றித்தான். ஏழு வயதுக் குழந்தைக்கு நாம் மடியில் வைத்துப் படித்துக் காட்டலாம், அவனும் கேட்பான். பதின்மூன்று வயதுப் பெண் தமிழைச் சரளமாக வாசிப்பவள் என்பதாலேயே அவளை யாரும் கவனிப்பதில்லை. புதிய பள்ளியில் பேச்சு புரியாமல், நண்பர்கள் இல்லாமல் அமர்ந்திருக்கும் அந்த முதல் குளிர்காலத்தில், அவள் வயதுக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகம் வீட்டில் ஒன்றுகூட இல்லையென்றால், வாசிப்பு என்பதே ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் கடமை என்று அவள் மனம் முடிவு செய்துவிடும். அந்த முடிவைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

நாங்கள் வந்திறங்கியது ஒரு ஜனவரி மாதம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியிருந்தோம். சன்னலுக்கு வெளியே பனியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அப்போது மகனுக்கு உங்கள் மகளின் வயதுதான். அவன் பள்ளியில் ஓர் ஆசிரியை என்னை அழைத்து, வீட்டில் தமிழ் பேசுவதையும் தமிழ்ப் புத்தகம் கொடுப்பதையும் நிறுத்தினால்தான் பையனுக்கு ஆங்கிலம் வரும் என்றார். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. இன்றுவரை அந்தப் பேச்சை நினைத்தால் கோபம் வருகிறது. ஒரு மொழியில் கதையின் போக்கைப் பிடிக்கவும், சொல்லாமல் விட்டதை ஊகிக்கவும் தெரிந்த பிள்ளை அந்தத் திறனை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்லும். ஆகவே அவனுக்கு இரவுதோறும் தமிழில் படிக்கக் கொடுத்தேன். அவன் ஆங்கிலமும் நன்றாகவே கற்றுக்கொண்டான். உங்களுக்கும் யாராவது இப்படி அறிவுரை சொல்வார்கள். பணிவாகக் கேட்டுக்கொண்டு, அதன்படி நடக்காமல் இருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வீட்டில் ஒரு கதைப் புத்தகமும் இருக்காது. ஆனால் விழா மேடையில் ஏறிப் பொருள் புரியாமல் முப்பது குறளை ஒப்பித்துக் கேடயம் வாங்கிவிட்டால், பிள்ளை தமிழ் கற்றுவிட்டது என்று நிறைவடைகிறார்கள். போர் துரத்தி எல்லாவற்றையும் இழந்து வந்த ஈழத்து மக்கள்தான் இங்கே தமிழுக்கு வகுப்பறையும் பாடநூலும் நூலகத்தில் இடமும் கேட்டுப் பெற்றவர்கள். பள்ளி வாரியம் நடத்தும் தமிழ் வகுப்புகளில் நம் பிள்ளைகள் அமர முடிகிறதென்றால் அதற்கு அவர்களின் உழைப்பே காரணம். அவர்களோடு பழகுங்கள். அவர்களின் புத்தகங்களையும் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நூலகம் என்ற ஈழத்து மின்நூலகத்தில் கட்டணமின்றியே ஏராளமாகப் படிக்கலாம்.

இனி மகனுக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதில் பாட்டுதான் முதல் புத்தகமாக இருக்க வேண்டும். சேலத்து மாம்பழத்தைக் குழந்தைகளின் வாயில் நிலையாக வைத்துவிட்டுப் போன அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ தொகுதியை வாங்குங்கள். ஓசை நாவில் பழகிவிட்டால், அதே வரியை அச்சில் காணும்போது எழுத்துகள் தாமாகவே பிடிபடும். அடுத்து, தூலிகா பதிப்பகத்தின் தமிழ்–ஆங்கில இருமொழிப் படப்புத்தகங்கள் நான்கைந்து போதும். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலைவாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைப்பதால், படக்கதைகளுக்காக எடையைச் செலவிட வேண்டாம். நீங்கள் படித்துக் காட்டுவதற்கு எஸ். ராமகிருஷ்ணனின் ‘கால் முளைத்த கதைகள்’ மிகப் பொருத்தமானது. உலகம் எப்படி உண்டானது, விலங்குகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று பல நாட்டுப் பழங்குடி மக்கள் சொல்லிவந்த சிறு சிறு கதைகள் அதில் உள்ளன. ஓர் இரவுக்கு ஒரு கதை சரியாக இருக்கும்.

படித்துக் காட்டுவது என்றதும் எனக்குச் சேலம் அம்மாப்பேட்டை வீடு நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் குழித்தறி ஓடியது. அப்பா நெய்வார், அம்மா நூலைத் தாராகச் சுற்றுவார். 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ அப்போதும் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் நான் தறிமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். தறியின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக உச்சரிக்கப் பழகினேன். கதையில் வேதாளம் மரத்துக்குத் திரும்பும் இடத்தில் அப்பா தறியை நிறுத்திவிட்டு, அரசன் சொன்னது நியாயமா என்று என்னிடம் கேட்பார். இன்று அந்த இதழ் அச்சில் இல்லை. ஆனால் பெரியவர்களின் கைகள் வேலையில் இருக்கும்போது பிள்ளை படித்துக் காட்டுவது என்ற அந்த வழக்கத்தை நான் இந்த நாட்டுச் சமையலறைக்கும் கொண்டுவந்தேன். என் பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் தமிழ் வாசிப்பை விடாமல் வளர்ந்தார்கள். எத்தனையோ சனிக்கிழமை வகுப்புகளை விட அது அதிகம் கற்றுக்கொடுத்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

மகளுக்கான புத்தகங்களில்தான் அதிகக் கவனம் தேவை. முதலில் ‘டோட்டோ-சான்’. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு ஜப்பானியச் சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட இன்னொரு பள்ளிக்குப் போய், தான் சொல்வதை மணிக்கணக்கில் பொறுமையாகக் கேட்கும் ஒரு தலைமையாசிரியரை அங்கே காண்கிறாள். புதிய பள்ளிக்குள் நுழையப்போகும் பெண்ணுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. அடுத்து ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’. காட்டு விலங்குகளுக்காகவே வாழ்ந்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை மையமாகக் கொண்ட அந்தக் கதை, மலையில் வளர்ந்த பிள்ளையின் மனத்தில் ஆழமாகத் தைக்கும். அதே ஆசிரியரின் ‘பனிமனிதன்’ சாகச நாவல், விறுவிறுப்பாகப் படிக்கலாம். சத்யஜித் ராயின் பெலுடா துப்பறியும் கதைகள் தமிழில் வந்திருக்கின்றன. வாசிப்பில் சலிப்புத் தட்டும் மாதங்களுக்கு அவற்றை ஒதுக்கிவையுங்கள். கரிசல் காட்டில் பறவைகளின் பின்னால் அலையும் சிறுவனைப் பற்றிய கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ மெல்லிய நூல், எடையும் குறைவு.

இரண்டு புத்தகங்களை மட்டும் நீங்களும் உங்கள் மனைவியும் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். கேள்வி கேட்டதற்காகவே அடிவாங்கும் மாணவியைப் பற்றிய இரா. நடராசனின் ‘ஆயிஷா’ முடிவில் மிகுந்த வலியைத் தரும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைச் சிறுவர்களுக்குப் புரியும் விதத்தில் பேசுகிறது. 2020-ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது. தெரியாத ஊரில் தனியாகப் பேருந்தில் போகத் தொடங்கும் பிள்ளைகளுடன் இந்தப் பேச்சைத் தொடங்கத் தயங்கும் பெற்றோருக்கு அது பெரிய உதவி.

எல்லோரும் ‘பொன்னியின் செல்வ’னைத்தான் பரிந்துரைப்பார்கள். எனக்கும் அது உயிர். ஆனாலும் ஐந்து பாகங்களையும் பெட்டியில் அடுக்கி, வந்ததும் அவள் கையில் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் அந்தப் பருமனே அச்சுறுத்தும். ‘பார்த்திபன் கனவு’ ஒன்றைக் கொண்டுவாருங்கள். அது பிடித்துப்போனால் அவளே அடுத்ததைக் கேட்பாள். அதைப் போலவே நீதிக்கதைத் தொகுப்புகள், தலைவர்களின் வரலாற்றுச் சுருக்கங்கள், பொது அறிவு வினாவிடை ஆகியவற்றைத் தாராளமாக விட்டுவிடுங்கள். உறவினர்கள் அன்போடு கொடுப்பார்கள். அந்த அன்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பதினைந்து பதினாறு வயதானதும் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யைக் கொடுக்கலாம். நம் பக்கத்துப் பேச்சும் வறண்ட மேட்டுக்காடும் வெள்ளாடும் அவளை ஊருக்கு அழைத்துச் செல்லும். கனடாவிலேயே வாழும் அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளும் அந்த வயதுக்கு உரியவை. வேற்றுநாட்டில் தடுமாறும் மனிதர்களை அவரைப் போல் தெளிவாக எழுதியவர்கள் குறைவு.

இங்கே கிடைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். டொராண்டோ பொது நூலகத்தில் உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. தாமதமாகத் திருப்பினாலும் இப்போது தண்டம் கிடையாது. ஸ்கார்பரோ கிளைகள் சிலவற்றில் தமிழ் அலமாரி உண்டு. நான் வந்த காலத்தில் அந்த அலமாரியில் குடும்ப நாவல்களும் ஆன்மிக நூல்களுமே நிறைந்திருக்கும், சிறுவர் நூல்கள் அரிது. இன்ன புத்தகத்தை வாங்குங்கள் என்று வாசகர்கள் நூலகத்துக்குப் பரிந்துரைக்க வழி இருப்பதை அறிந்து, விடாமல் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சிலவற்றை வாங்கினார்கள். நான் கேட்டு வந்த புத்தகத்தை ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை கையில் இடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபோது, இந்த ஊர் எனக்கும் சொந்தம் என்று முதன்முறையாகத் தோன்றியது. நீங்களும் வந்த மாதமே எழுதத் தொடங்குங்கள். கேட்பவர்கள் இல்லாவிட்டால் அலமாரி வளராது.

புறப்படுவதற்குமுன் மகளை அழைத்துக்கொண்டு மலையிறங்கிச் சேலத்துப் புத்தகக் கடைகளில் ஒரு முழுப் பகலைச் செலவிடுங்கள். நான் சொன்னவற்றில் பாதி கிடைத்தாலும் போதும். நான் சொல்லாத எதையாவது அவள் எடுத்தால், அது படக்கதையாகவே இருந்தாலும், மறுக்காமல் வாங்கிக் கொடுங்கள். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ கிடைத்தால், ஊரைவிட்டு வருவதற்குள் உங்கள் தோட்டத்துச் செம்மீசைச் சின்னானை அதில் அடையாளம் காணச் சொல்லுங்கள். இங்கே வசந்தம் வரும்போது புதிய பறவைகளை அவளே தேடத் தொடங்குவாள். அவற்றுக்கான கையேட்டை நூலகத்தில் எடுத்துத் தர நான் இருக்கிறேன்.