மே கடைசியில் கடைக்குக் கிளம்பும் முன்

மதுரை மாசி வீதிப் பக்கம் 24 வருடமாக நோட்டு, பேனா விற்கிறேன். பள்ளி திறக்கப் போகிறது என்றதும் வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகள் இரண்டாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு போகிறார்கள். மே மாதமே இரண்டு டஜன் நோட்டு வாங்கி வைத்துவிடுவேன். வருடக் கடைசியில் பாதி அப்படியே கிடக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன் அக்கா?
– வாசகி, திருமங்கலம்

முந்திக்கொண்டு வாங்குவதுதான் காரணம், அம்மா. என்னென்ன நோட்டு வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் தரும் சீட்டு கைக்கு வரட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலத்துக்கு நாலு கோடு, தமிழுக்கு இரட்டைக் கோடு, கணக்குக்குக் கட்டம் போட்டது என்று கேட்பார்கள். பக்கத்துப் பள்ளியில் தமிழுக்கு ஒற்றைக் கோடே போதும் என்பார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர் லாங் சைஸில் 192 பக்கம் கேட்பார், இன்னொருவர் 80 பக்கத்தில் இரண்டாக வேண்டும் என்பார். இதையெல்லாம் மே மாதத்தில் யார் ஊகிக்க முடியும்? சீட்டு வரும் வரைக்கும் ஆளுக்கு இரண்டு நோட்டு இருந்தால் முதல் வாரம் ஓடிவிடும்.

கடைக்குக் கிளம்பும் முன், போன வருட நோட்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு பிள்ளைகளோடு உட்காருங்கள். தொடாத நோட்டை ஒரு பக்கம் வையுங்கள். பாதிக்கும் குறைவாக எழுதிய நோட்டில் நடுவில் இருக்கும் பின்னைக் கழற்றினால், நடுவிலுள்ள எழுதாத தாள்கள் முழுசாக வந்துவிடும். அளவு வாரியாக அடுக்கி பைண்டிங் செய்பவரிடம் கொடுத்தால் தைத்து அட்டை போட்டுத் தருவார். ரஃப் நோட்டுக்கு அது தாராளம். என் பிள்ளைகள் இருவருக்கும் பத்தாவது வரை ரஃப் நோட்டு இப்படித்தான் வந்தது. கடையிலிருந்து ஒன்றுகூட எடுத்துக் கொடுத்ததில்லை.

இன்னொன்று. பெயர் எழுதாத, அட்டை போடாத நோட்டை நான் ஜூன் முழுக்க மாற்றிக் கொடுப்பேன். உங்கள் ஊர்க் கடைக்காரரிடமும் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

ஒரே விலை, ஒரே பக்கம். ஆனால் ஒரு நோட்டில் மை அந்தப் பக்கம் ஊறுகிறது, இன்னொன்றில் ஊறவில்லை. கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், மேலூர்

உண்டு. பின்னட்டையில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. பென்சிலுக்கும் பால்பாயிண்ட் பேனாவுக்கும் 54, 55 போதும். இங்க் பேனா பிடிக்கும் பிள்ளைக்கு 60-க்குக் கீழே போகாதீர்கள். எண் போடவில்லை என்றால், பிள்ளை எழுதும் அதே பேனாவைக் கொண்டுபோய் மாதிரித் தாள் கேட்டு ஒரு புள்ளி வைத்து மூன்று வரை எண்ணுங்கள். தாளைத் திருப்பினால் தெரிந்துவிடும். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அட்டையையும் சேர்த்துப் பக்கம் எண்ணிய நோட்டுகள் உண்டு. அதையும் பின்னட்டையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்புறம் பில்லைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரையான் எதற்கும் ஜிஎஸ்டி கிடையாது. ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 12 சதவீதமாக இருந்தது 5 ஆகக் குறைந்திருக்கிறது. நோட்டுக்கு வரி என்று பில்லில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

வேலை போய்விட்டதால் மகளைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கிறேன். முதல் நாள் அவள் குறையோடு போய் நிற்கக் கூடாது. என்னென்ன வாங்கித் தர வேண்டும்?
– வாசகர், உசிலம்பட்டி

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடன் வாங்கி எதையும் வாங்கிவிடாதீர்கள். பாடநூல், நோட்டு, புத்தகப் பை, ஜியோமெட்ரி பாக்ஸ், அட்லஸ் எல்லாம் பள்ளியிலேயே இலவசமாகக் கொடுப்பார்கள். சீருடையும் காலணியும் உண்டு. தனியார் பள்ளிப் பை கிழியாமல் இருந்தால் துவைத்துக் காயவைத்து அதையே கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் வாங்க வேண்டியது இரண்டு பேனா, பென்சில், ரப்பர், ஒரு ஸ்கேல், பிரவுன் ஷீட், லேபிள். எல்லாம் சேர்த்து 200 ரூபாயைத் தாண்டாது. அந்தப் பேனாவை மட்டும் அவளே கடைக்கு வந்து, எழுதிப் பார்த்து எடுக்கட்டும்.

நானும் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். அப்போது புதுமண்டபத்துக்குள் புத்தகக் கடைகளும் தையல்காரர்களும் நெருக்கியடித்து இருப்பார்கள். அப்பா அங்கேதான் எனக்குப் பழைய புத்தகம் வாங்குவார். ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பக்கம் முழுக்க வேறொரு பெண் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சோற்றுப் பசையால் வெள்ளைத் தாளை ஒட்டி, காய்ந்த பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு என் பெயரை எழுதினார். நாலாவதோடு படிப்பை விட்டவர். ஐந்து எழுத்து எழுத அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். வகுப்பில் அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரிடமும் காட்டினேன்.

புத்தகம் வந்த அன்று சாயங்காலம் நீங்களும் அவளோடு உட்கார்ந்து அட்டை போடுங்கள், ஐயா. லேபிளில் பெயரை நீங்கள் எழுதுங்கள்.

மூன்றாம் வகுப்பு மகன் பொம்மை போட்ட பெரிய பையும், பட்டன் அமுக்கினால் திறக்கும் பென்சில் பாக்ஸும் கேட்டு அடம்பிடிக்கிறான். போன வருடம் வாரத்துக்கு ஒரு பென்சில் தீர்ந்தது. என்ன செய்யட்டும்?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பையில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கைப்படி, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோதான். காலிப் பையே முக்கால் கிலோ இருந்தால் புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்? கடையில் காலிப் பையைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தோளில் மாட்டும் பட்டை அகலமாக இருக்கிறதா, பை இடுப்புக்குக் கீழே தொங்காமல் இருக்கிறதா என்று அவன் முதுகில் மாட்டியே பாருங்கள். பொம்மை வேண்டுமென்றால் லேபிளில் அவனுக்குப் பிடித்த படத்தை அவனே பொறுக்கட்டும்.

போன வருடம் பென்சில் தீர்ந்ததற்கும் அவன் வைத்திருந்த பாக்ஸ்தான் காரணமாக இருக்கும். அது மேஜையிலிருந்து விழும்போது உள்ளே இருக்கும் பென்சிலின் முனை மட்டுமல்ல, கட்டைக்குள் இருக்கும் கரியும் துண்டு துண்டாக உடைந்துவிடும். பிறகு சீவச் சீவ விழுந்துகொண்டே இருக்கும். பென்சில் சரியில்லை என்று என்னிடம் வரும் அம்மாக்களிடம் பாக்ஸைத்தான் முதலில் கேட்பேன். ஜிப் வைத்த துணிப் பவுச் வாங்குங்கள். உருண்டைப் பென்சில் உருண்டு விழும், ஆறு பட்டை அல்லது மூன்று பட்டைப் பென்சிலாக எடுங்கள். பத்து பென்சில் பெட்டி வாங்கினால் பவுச்சில் இரண்டு, உங்கள் அலமாரியில் எட்டு.