சுரங்கம் ஊருக்கு என்ன தருகிறது? ஜாம்பியா தாமிரம் பற்றிக் கேள்வி பதில்

சுரங்க நிறுவனங்களின் வரி, ராயல்டி (வெட்டியெடுக்கும் தாதுவுக்காக அரசுக்குக் கட்டும் பங்கு) கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். ஆப்பிரிக்கா முழுவதற்கும் என்னால் பதில் சொல்ல முடியாது. ஜாம்பியாவில் தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த காப்பர்பெல்ட் பகுதிதான் நன்றாகத் தெரியும், அதை வைத்தே பேசுகிறேன்.

கே: வெளிநாட்டு நிறுவனம் சுரங்கம் நடத்தினால் உள்ளூர் மக்களுக்கு நன்மை உண்டா, இல்லையா?

ப: நாட்டுக்குக் கிடைப்பது வேறு, ஊருக்குக் கிடைப்பது வேறு. வரியும் ராயல்டியும் தலைநகர் லுசாகாவுக்குப் போய்விடும், கழிவு நீர் மட்டும் சுரங்க நகரமான சிங்கோலாவில் தங்கிவிடும். 2006 நவம்பரில் வேதாந்தாவின் கொங்கோலா காப்பர் மைன்ஸிலிருந்து கழிவு கஃபுவே ஆற்றில் கலந்து தண்ணீரே நீலமாக மாறியது. குடிக்க, மீன் பிடிக்க, கரையில் பயிர் வைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஆறுதான். 2011ல் ஜாம்பியா உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2015ல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை உறுதி செய்துவிட்டுத் தொகையைக் குறைத்தது. மாசுக்காகக் கிராமத்தினர் 1,826 பேர் லண்டனிலும் வழக்குப் போட்டார்கள். அங்கே விசாரிக்கலாம் என்ற தீர்ப்பு வரவே 2019 ஏப்ரல் ஆகிவிட்டது. 2021ல் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஆற்றங்கரை விவசாயி நியாயம் கேட்க இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்றால், "நாட்டுக்கு வருமானம்" என்று சொல்லி அவர் வாயை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கே: வேலையாவது கிடைக்கிறதே?

ப: கிடைக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1970களில் இந்தச் சுரங்கங்களில் 60,000 பேர் போல வேலை பார்த்தார்கள், தனியார்மயம் முடிந்த 2000 வாக்கில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பிறகு எண்ணிக்கை ஏறியதில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரே சுரங்கக் குழிக்குள் ஒரே ஷிப்டில் இறங்குவார்கள், நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம், மருத்துவச் சலுகையும் இருக்காது. நிறுவனம் "இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை" என்று சொன்னால், அதில் நிரந்தரம் எத்தனை என்று கேளுங்கள்.

கே: சீனாக்காரர்கள்தான் மோசம், மேற்கத்திய நிறுவனங்கள் பரவாயில்லை என்கிறார்களே?

ப: 2025 பிப்ரவரியில் சீன நிறுவனம் ஒன்றின் கழிவு அணை சாம்பிஷியில் உடைந்து, முதலில் சொன்ன கணக்குப்படியே சுமார் 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு ஓடியது, கிட்வே நகரத்துக்குத் தண்ணீர் நின்றது. கொடுமைதான். ஆனால் முஃபுலிராவின் கான்கோயோவில் கந்தகப் புகையில் கூரைத் தகரம் அரித்துப்போனதும் தோட்டத்தில் கீரை நிற்காமல் போனதும் சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் உருக்காலை நடத்திய காலத்திலும் தொடர்ந்ததுதான். 2014ல் புதிய அமில ஆலை வந்த பிறகே புகையில் பெரும்பகுதி பிடிக்கப்பட்டது.

கே: தாமிரம் விலை ஏறும்போது அரசுக்கும் கொட்ட வேண்டுமே?

ப: இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. அரசு தன் சுரங்கங்களைத் தனியாருக்கு விற்கிற அவசரத்தில் போட்ட பழைய ஒப்பந்தங்களில் ராயல்டி வெறும் 0.6 சதவீதம். விலை ஏறியதும் 2008ல் மிகை லாப வரி கொண்டுவந்தார்கள், 2009ல் எடுத்துவிட்டார்கள். அப்புறம் விற்பனை விலை. அப்போது கிளென்கோரிடம் இருந்த மோபானி சுரங்கம் தன் தாமிரத்தை சுவிட்சர்லாந்தில் இருக்கும் கிளென்கோருக்கே சந்தை விலைக்குக் குறைவாக விற்றது என்று வரித்துறை வழக்குப் போட்டது. 2020ல் ஜாம்பியா உச்ச நீதிமன்றம் சுமார் 1.3 கோடி டாலர் கட்டச் சொன்னது. எப்போதும் சொல்வதுதான்: எத்தனை டன் வெட்டினார்கள் என்று பார்க்காதீர்கள், யாருக்கு என்ன விலைக்கு விற்றார்கள் என்று பாருங்கள்.

கே: சுரங்க நிறுவனப் பங்கு வாங்கலாமா?

ப: அது என் துறை இல்லை.

கே: சீன நிறுவனங்கள் பற்றி உங்கள் கருத்து?

ப: மேலே சொல்லிவிட்டேன், படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: அரசு நடத்தியபோது மருத்துவமனை, பள்ளி, வீடு, கால்பந்துக் குழு வரை சுரங்கமே கொடுத்தது. திரும்ப நாட்டுடைமை ஆக்குவதுதான் ஒரே வழி.

ப: அந்தக் காலம் உண்மை, நானும் மதிக்கிறேன். ஆனால் 1990களின் கடைசியில் அதே அரசு நிறுவனம் நாளுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் நஷ்டத்தில் ஓடியது. மருந்து வாங்கவும் இயந்திரம் பழுதுபார்க்கவும் காசில்லை.

கே: நான் வேறு ஆள். அரசால் முடியாது என்பதைத்தான் நானும் சொல்கிறேன். வெளிநாட்டான் முதல் போடாவிட்டால் தாது மண்ணுக்குள்ளேயே கிடக்கும், நீங்கள் குறை மட்டும் சொல்கிறீர்கள்.

ப: முதலீடு தேவை, சந்தேகமே இல்லை. கொங்கோலா உலகிலேயே அதிகத் தண்ணீர் ஊறும் சுரங்கங்களில் ஒன்று, இரவும் பகலும் பம்பு ஓடியாக வேண்டும். ஆனால் முதல் போட்டவர் என்ன எடுத்தார் என்று கேட்கக் கூடாதா? 2014ல் பெங்களூருவில் வேதாந்தா தலைவர் அனில் அகர்வால் பேசிய வீடியோ வெளியானது: இந்தச் சுரங்கத்தை 2.5 கோடி டாலருக்கு வாங்கினேன், ஆண்டுக்குக் குறைந்தது 50 கோடி டாலர் தருகிறது என்றார். ஜாம்பியா கொதித்துப்போனது.

கே: நாட்டுடைமை கேட்டவன்தான். தூத்துக்குடியிலும் அதே வேதாந்தாதானே? அரசு பிடுங்கியது சரிதானே?

ப: அதே குழுமம்தான். 2018 மே மாதம் அங்கே 13 பேர் சுடப்பட்டு இறந்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் தூத்துக்குடி ஆலையை அரசு மூடியது, ஜாம்பியா 2019ல் கொங்கோலா சுரங்கத்தை, நிறுவனத்தின் கடனைத் தீர்த்து முடிக்கும் கலைப்பு அதிகாரியிடம் ஒப்படைத்தது. என்ன ஆயிற்று? உள்ளூர் சப்ளையர்களுக்கும் மற்றவர்களுக்கும் பாக்கி ஏறிக்கொண்டே போனது. சுமார் 25 கோடி டாலரை வேதாந்தா கொடுத்து அந்தப் பாக்கியைத் தீர்க்க, 2024ல் சுரங்கம் மறுபடி அவர்கள் கைக்கே போனது. முதலாளி மாறிய அந்த ஐந்து ஆண்டிலும் ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு பங்கும் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருவரும் உரிமையாளரைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள், ஊருக்குச் சேர வேண்டிய பங்கை ஒப்பந்தத்தில் யார் எழுதுவது என்று இருவருமே கேட்கவில்லை.

கே: போட்ஸ்வானாவில் மட்டும் எப்படி முடிந்தது?

ப: டெப்ஸ்வானா என்ற வைர நிறுவனத்தில் அரசுக்கும் டி பியர்ஸுக்கும் பாதிப் பாதி. பேரம் பேசத் தெரிந்த அரசு, மக்கள்தொகை குறைவு, பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போனது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் 2018 சட்டமும் பார்க்கத் தகுந்தது: ராயல்டியில் 15 சதவீதம் சுரங்கம் இருக்கும் உள்ளாட்சிக்கு, விற்றுமுதலில் 0.3 சதவீதம் ஊர் வளர்ச்சிக்கு. நான் சொல்லும் "எழுதப்பட்ட பங்கு" இதுதான். பணம் போய்ச் சேருகிறதா என்பதை ஊர்க்காரர்கள்தான் விடாமல் கேட்க வேண்டும்.

கே: சீனா...

ப: மூன்றாவது தடவை. மேலே பாருங்கள்.

கே: புதிதாகச் சுரங்கம் வரப்போகும் ஊர்க்காரர் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

ப: குழி தோண்டும் முன்பே கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து முடிவைத் தன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. அப்புறம், மூடும்போது சுத்தம் செய்யும் செலவுக்கான வைப்புத்தொகை முன்கூட்டியே கட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். ஜாம்பியாவின் கப்வே நகரில் ஈயச் சுரங்கம் 1994ல் மூடியது. முதலில் வெளிநாட்டு நிறுவனம், பிறகு அரசு, இரண்டும் நடத்திய சுரங்கம் அது. பிள்ளைகள் விளையாடும் மண்ணில் ஈயம் இன்னும் இருக்கிறது.