நாலடித் தொட்டி, போர் தண்ணி: மலாவியா, ஆஸ்காரா?

வணக்கம்ங்க. சேலம் அஸ்தம்பட்டியில நாலடித் தொட்டி, போர் தண்ணி, ஆப்பிரிக்காவோட மலாவி ஏரி மீன் விடறதா, தென்னமெரிக்காவோட ஆஸ்கார் மீன் விடறதா, இல்ல ரெண்டையும் கலந்து விடலாமான்னு கேட்டிருந்தீங்க.

கலக்கவே கலக்காதீங்க. சாப்பாடே ஒத்துவராது. மலாவி ஏரியோட புனா மீன்கள் பாறையில இருக்கிற பாசியைச் சுரண்டித் தின்னு வளர்றது. ஆஸ்காருக்குப் போடுற கொழுத்த தீனியைத் தொடர்ந்து தின்னா வயிறு ஊதிப் போகும்.

உங்க பக்கெட் ஓரத்துல வெள்ளையா உப்பு படியுதுன்னு எழுதியிருக்கீங்களே, அந்தத் தண்ணி மலாவிக்குத் தோதா இருக்கும். பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) 7.8க்கு மேல, நல்ல கடினம் (கரைஞ்ச சுண்ணாம்பு மாதிரி உப்பு), அதுதான் அதுங்களுக்கு வேணும். ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஆஸ்கார் அமேசான் பக்கத்து மீன், மென்தண்ணி பழக்கம். கடினத் தண்ணியிலயும் பிழைச்சுக்கும், ஆனா ஒரு அடிக்கு வளரும். நாலடியில ஒண்ணு விடலாம், அதுவும் வாராவாரம் தண்ணி மாத்தச் சலிக்காதவங்களுக்கு. கடையில விரலளவு குட்டியைக் காட்டி ஜோடியா தள்ளிவிடுவாங்க, மயங்காதீங்க.

என் ஓட்டு மலாவிக்கு. அதுல மஞ்சள் நிற எல்லோ லேப்ல ஆரம்பிங்க, சாது. ஆராட்டஸ்னு இன்னொரு மலாவி மீன், அது பக்கம் போகவே வேணாம், மத்ததை விரட்டியே கொன்னுடும். கல்லைத் தொட்டியோட அடிக்கண்ணாடி மேலயே அடுக்கிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்க. மணல் மேல வெச்சா மீன் தோண்டித் தோண்டி மொத்தமும் சரிஞ்சிடும்.

அமெரிக்க மீன்தான் ஆசைன்னா ஃபயர்மவுத் பாருங்க. மத்திய அமெரிக்காக்காரன், உங்க தண்ணியிலயே ஜம்முனு இருப்பான்.

சேலம் வெயிலுக்கு ஏப்ரல், மே மாசம் தண்ணி மேல படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைங்க. ஹீட்டர் எல்லாம் ஏற்காட்டுக்காரங்க கவலை.