பல் அடைத்த பிறகும் வலிக்கிறதே – கடிதம்

அன்புள்ள அக்கா,

காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் மெக்கானிக்காக இருக்கிறேன். வலது பக்கம் கீழே கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, மூன்று வாரம் முன்பு தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அடைத்துக்கொண்டேன். இனிப்பு பட்டால் வரும் வலி போய்விட்டது. ஆனால் அந்தப் பக்கம் மென்றால் சுரீர் என்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது. திரும்பப் போய்க் காட்டு என்கிறாள் மனைவி. எனக்குக் கால் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இரண்டு பேர் என் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள, ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். இப்போதும் அந்த மிஷின் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வேர்க்கிறது. நான் வேலை செய்கிற இடத்தில் இதை வெளியே சொல்ல முடியுமா? மாமியார் புகையிலையை வைத்து அடக்கு என்கிறார். நண்பன் ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் போ என்கிறான். பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று வேறு சொல்கிறார்கள். ஆறு வயது மகளுக்கும் சொத்தை இருக்கிறது. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்), காசிமேடு.

அன்புள்ள தம்பிக்கு,

நான் மருத்துவர் இல்லை. என் அப்பாவுக்கும் இதே பயம் இருந்தது. அவரோடு பல் ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்து, டாக்டர்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். வாயைத் திறந்து பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை பாக்கி இருக்காது என்றே நினைக்கிறேன்.

மென்றால் மட்டும் சுரீர் என்பதற்கு ரொம்பச் சாதாரணமான காரணம், அடைத்த இடம் ஒரு துளி உயரமாக இருப்பது. ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு, சாய்ந்து படுத்தபடி 'கடிங்க' என்றால் யாருக்கும் சரியாகக் கடிக்க வராது. மரப்பு போய், வீட்டில் சோறு மெல்லும்போதுதான் தெரியும். ஷாஃப்ட் நேர் கொஞ்சம் விலகினால் பேரிங் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கடிக்கும் அந்த ஒரு பல்லே முதலில் அடி வாங்குகிறது. வேரைச் சுற்றியுள்ள தசைநார் நொந்துபோகிறது.

அப்பாவுக்கு இதைச் சரி செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மை தடவிய ஒரு மெல்லிய நீலத் தாளைப் பல்லுக்கு நடுவே வைத்து, 'கடிங்க, அப்படியே பக்கவாட்டில் அரைங்க' என்றார் டாக்டர். தாளை எடுத்ததும் மற்றப் பற்களில் லேசான புள்ளிகள், அடைத்த இடத்தில் மட்டும் அழுத்தமான ஒரு நீலத் திட்டு. அந்தத் திட்டைக் கொஞ்சம் தேய்த்தார், மறுபடி தாள், மறுபடி கொஞ்சம். ஊசியே போடவில்லை. காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை அது. ஆனால் அதற்காகத் திரும்பப் போகாமல் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

கூச்சம் வேறு கதை. எனாமலுக்கு உள்ளே இருக்கும் பகுதி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். அவற்றில் இருக்கும் நீர், குளிர்ச்சி பட்டதும் நகர்கிறது. உள்ளே இருக்கும் நரம்பு அதை வலியாக உணர்கிறது. சொத்தை ஆழமாக இருந்தால் சுரண்டிய இடம் நரம்புக்குப் பக்கம் வந்திருக்கும், அது அடங்கச் சில வாரம் பிடிக்கும். நாளுக்கு நாள் குறைகிறதா என்பதுதான் முக்கியம்.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். குளிர்ந்த தண்ணீரை அந்தப் பக்கம் வைத்துவிட்டு விழுங்குங்கள். கூச்சம் சில நொடிகளில் போய்விட்டால் நரம்பு நொந்திருக்கிறது, ஆனால் தேறக்கூடியது. அரை நிமிடத்துக்கு மேல் இழுத்தாலோ, சூடான டீ பட்டு வலி வந்தாலோ, எதுவும் படாமலே விண் விண் என்று தெறித்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ, நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ரூட் கேனால், அதாவது கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, தேவைப்படலாம். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஜனங்கள் அதைப் பற்றிச் சொல்லும் வலியில் பெரும்பகுதி, செய்வதற்கு முன்னால் அனுபவித்தது. தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், புகையிலை வேண்டவே வேண்டாம். மரத்த மாதிரி இருக்கும், அப்புறம் பழக்கமாகிவிடும்; அதே கன்னத்தில் புற்றுநோய் வந்தவர்களை நம் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். கட்டிங் போட்டுவிட்டுப் போனால் டாக்டர் பல்லைத் தொட மாட்டார், வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுக்கும் ஈரலுக்கும் கெடுதல். கண் விஷயம் வெறும் பயம். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு.

இனி அந்தப் பயம். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்த நாற்காலியை உங்கள் உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பல் மருத்துவத்தில் இந்தப் பயத்தை அளப்பதற்கென்றே 1969-இலேயே ஒரு கேள்வித்தாள் வந்துவிட்டது. அத்தனை பேருக்கு இருக்கிறது. அதனால் டாக்டரிடம் முதல் பேச்சாகவே சொல்லுங்கள்: 'டாக்டர், எனக்குப் பயம். சின்ன வயசில் பிடித்து அமுக்கிப் பல் எடுத்தாங்க. இடது கையைத் தூக்கினா நிறுத்திடுங்க.' கை தூக்கினால் நிற்கும் என்று தெரிந்ததும் பாதிப் பேருக்குக் கை தூக்க வேண்டிய அவசியமே வருவதில்லை என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார்.

காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். அடுத்த அறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதுதான் கொடுமை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். காதில் கானா பாட்டு ஓடட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். ஊசி போட நேர்ந்தால் குத்தும் இடத்தில் முதலில் மரக்கும் ஜெல் தடவச் சொல்லிக் கேட்கலாம். ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தால் பயம் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், படபடப்பு சில நிமிடத்தில் அடங்கிவிடும். இன்னொன்று, நரம்பு நன்றாக வீங்கிச் சிவந்த பிறகு மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது. இப்போது போனால் சுலபம் என்பது இதனால்தான்.

அடைத்த டாக்டரிடமே போங்கள். சொத்தை எவ்வளவு ஆழம் என்று அவருக்குத்தான் தெரியும். மனசு ஒப்பவில்லை என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த நிறுத்தம். 1953-இல் தொடங்கியது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், கூட்டம் இருக்கும், மாணவர்கள் பார்ப்பதால் நேரமும் ஆகும். ஆனால் பேராசிரியர்கள் கூடவே இருப்பார்கள்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஊசி போட்டுடுவாங்க' என்று வீட்டில் யாரும் மிரட்ட வேண்டாம், 'வலிக்கவே வலிக்காது' என்று சத்தியமும் வேண்டாம். பால் பல்தானே, விழுந்துவிடும் என்றும் விட்டுவிடாதீர்கள். ஆறு வயதில் வரிசைக்குக் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப் பல் விழுந்து முளைக்காது, ஆயுசுக்கும் அதுதான். சொத்தை அதில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பல்லில் இருந்தாலும், உங்கள் பல்லைக் காட்டும் அன்றைக்கே அவளையும் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
அக்கா