பில் போடும் கம்ப்யூட்டரில் வேண்டாத சைட்டுகளைத் தடுக்க ஐபி முகவரியையே பிளாக் செய்யலாமா?

சேலம் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலை ஆபீசைப் பார்த்துக்கொள்கிறீர்கள், ஒரு சைட்டை பிளாக் செய்தால் மறுநாள் இன்னொன்று முளைக்கிறது, அதனால் ஐபியிலேயே கை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் சின்ன ஆபீஸ்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில் என்பதால் சொல்கிறேன்: வேண்டாம்.

ஐபி என்பது சைட் இருக்கும் சர்வரின் எண் முகவரி. இன்று ஒரே ஐபியில் ஆயிரக்கணக்கான சைட்டுகள் இருக்கும். ஒரே சைட்டுக்கு இன்று ஓர் ஐபி, நாளை வேறு ஐபி. 2018 ஏப்ரலில் ரஷ்யா டெலிகிராமைத் தடுக்கப் போய், அமேசான், கூகுள் கிளவுடு ஐபிகளை ஒரு கோடிக்கு மேல் தடுத்தது. டெலிகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது; சம்பந்தமே இல்லாத எத்தனையோ சேவைகள் படுத்துவிட்டன. ஓர் அரசாங்கத்தாலேயே முடியாததை உங்கள் ரவுட்டர் செய்யாது.

நீங்கள் பட்டியலைத் திருப்பிப் போடுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு, தேவையானதை மட்டும் டொமைன் பெயரால், அதாவது ஜிஎஸ்டி.கவ்.இன் போன்ற சைட் பெயரால், திறந்துவிடுங்கள். வீட்டு கம்ப்யூட்டருக்கு இது சரிப்படாது. பில் போடும் மெஷினுக்கு அப்படியில்லை, அதன் வேலை விரல் விட்டு எண்ணக்கூடியது: ஜிஎஸ்டி, இ-வே பில், பேங்க், மெயில், வாட்ஸ்ஆப், கணக்கு சாப்ட்வேர்.

சிக்கல் வருவது டொமைன்களின் கூட்டாளிகளால்தான். வெப்.வாட்ஸ்ஆப்.காம் என்பதை மட்டும் திறந்துவிட்டால் சாட் வரும், பார்ட்டி அனுப்பிய பில் போட்டோ வராது, அது வாட்ஸ்ஆப்.நெட் என்ற வேறு டொமைனிலிருந்து இறங்குகிறது. கணக்குப்பிள்ளை ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டே இருப்பார், பாவம். ஊகிக்காதீர்கள். சைட் பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்வது டிஎன்எஸ். ரவுட்டரிலோ, பை-ஹோல் என்ற டிஎன்எஸ் தடுப்பு சாப்ட்வேரிலோ அதன் லாக், அதாவது பதிவு, இருக்கும். ஒரு வாரம் எதையும் தடுக்காமல், வேலை நடக்கும்போது எந்தெந்தப் பெயர் கேட்கப்படுகிறது என்று அதில் பாருங்கள். உங்கள் பட்டியல் அதிலிருந்துதான் வரவேண்டும்.

பேங்குக்கு இப்போது வேலை சுலபம். ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி நம் பேங்குகள் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் டொமைனுக்கு மாறவேண்டியிருந்தது. பேங்குகளுக்கு மட்டுமே கொடுக்கப்படும் டொமைன் அது. அதன் கீழ் வருவதைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் போதும், ஆனால் '.பேங்க்.இன்' என்று எழுதும்போது முன்னால் உள்ள புள்ளியை விட்டுவிடாதீர்கள். சில சாப்ட்வேர் கடைசி எழுத்துகளை மட்டும் ஒப்பிடும். புள்ளி இல்லாவிட்டால் 'ஏதோபேங்க்.இன்' என்று எவனோ பதிவு செய்த டொமைனும் உள்ளே வந்துவிடும். விண்டோஸில் சைட் பெயருக்கு ஐபி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் பைல் இதற்கு உதவாது. அதில் ஒவ்வொரு பெயரையும் முழுசாக எழுதவேண்டும், 'இதன் கீழ் எல்லாம்' என்று சொல்ல வழியில்லை.

கடிகாரத்தையும் மறக்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு நேரம் சொல்லும் டைம் சர்வரை, அதாவது அது பயன்படுத்தும் யுடிபி போர்ட் 123 என்ற வாசலை மூடிவிட்டு, மதர்போர்டு பேட்டரியும் தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். பிறகு பாதுகாப்புச் சான்றிதழின் தேதி பொருந்தாமல் எந்தப் பாதுகாப்பான சைட்டும் திறக்காது, குற்றம் உங்கள் பட்டியல்மேல் விழும். விண்டோஸ், ஆன்டிவைரஸ் அப்டேட்டுக்கும் வழி விடுங்கள்.

யாராவது டிஎன்எஸ்ஸை 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) என்று மாற்றினால், கேள்வி உங்கள் பட்டியலைத் தாண்டிப் போய்விடும், எல்லாம் வீண். டிஎன்எஸ் போகும் போர்ட் 53 ரவுட்டருக்கு மட்டும் போகும்படி செய்யுங்கள், மறையாக்கிய டிஎன்எஸ் போகும் 853-ஐ மூடுங்கள், பிரவுசர் தானே வெளியில் கேட்கும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்பதை பாலிசி (அட்மின் மட்டும் மாற்றக்கூடிய அமைப்பு) வழியாக அணைத்துவிடுங்கள். வேலை செய்பவருக்கு அட்மின் உரிமை வேண்டாம்.

ஐபி பட்டியல் உதவும் இடம் ஒன்று உண்டு: வெளியிலிருந்து உள்ளே வருபவர்களுக்கு. ஆடிட்டர் ஆபீசிலிருந்து உங்கள் மெஷினுக்கு ரிமோட்டில் வருகிறார்கள் என்றால், விண்டோஸ் ரிமோட்டுக்கான போர்ட் 3389-ஐ உலகத்துக்கே திறந்து வைக்காமல் அவர்களுடைய ஸ்டாட்டிக் (மாறாத) ஐபிக்கு மட்டும் விடலாம். விபிஎன், அதாவது இரண்டு ஆபீசுக்கும் நடுவே பூட்டிய தனி வழி, போட்டால் இன்னும் நல்லது. மொபைல் நெட்டிலிருந்து வருபவருக்கு இது சரிவராது, ஒரே வெளி ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள்.

நவராத்திரிக்கு முன்னால், மகாராஷ்டிரா லோடு மும்முரமாக இருக்கும்போது மட்டும் இதை ஆரம்பிக்காதீர்கள். லாரி எடைமேடையில் நிற்கும்போது இ-வே பில் திறக்கவில்லை என்றால் முதலாளி மொத்தத்தையும் பிடுங்கச் சொல்லிவிடுவார். ஏற்றுமதி குறைவான வாரமாகப் பாருங்கள். ஒரு டெஸ்ட் பில் போட்டு, ரத்து செய்து, பேங்கில் ஸ்டேட்மென்ட் இறக்கி, வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பூட்டுங்கள்.