மாதவிடாய் வலி: மாத்திரையை எப்போது போடுவது?

கேள்வி: தாம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வயது 19. முதல் நாள் அடிவயிறு, இடுப்பு, தொடை எல்லாம் பிடுங்கி எடுக்கும். மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று அம்மா சொல்வதால், தாங்கவே முடியாதபோதுதான் போடுகிறேன். அதுவும் வாந்தியில் வெளியே வந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: மாத்திரையில் தவறில்லை; போடும் நேரம்தான் தவறு. கர்ப்பப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அதுதான் கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. குடலையும் கிளறிவிடுவதால் வாந்தி, வயிற்றுப்போக்கு. மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அது உற்பத்தியாவதைத் தடுக்கும். ஏற்கெனவே சுரந்துவிட்டதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நீங்கள் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது.

எனவே லேசாக இழுக்கத் தொடங்கியதுமே, அல்லது கறை பட்டதுமே போட்டுவிடுங்கள். ஐபுபுரூஃபன் என்றால் 400 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மெஃபனமிக் அமிலத்தை டாக்டர் சீட்டோடுதான் வாங்க வேண்டும்: முதலில் 500 மி.கி., பிறகு தேவைப்பட்டால் 6 மணிக்கு ஒருமுறை 250. இரண்டு மூன்று நாள் போதும். இரண்டில் ஒன்றுதான், சேர்த்துப் போட்டால் வலி கூடுதலாகக் குறையாது, வயிறுதான் புண்ணாகும். வெறும் வயிற்றில் போடாதீர்கள். மெஸ்ஸில் இரண்டு இட்லி, முடியாவிட்டால் ஒரு வாழைப்பழமும் பாலுமாவது உள்ளே போகட்டும்.

இப்படி மாதம் இரண்டு மூன்று நாள் போடுவதால் கர்ப்பப்பை கெடாது, பின்னாளில் குழந்தைப் பேற்றுக்கும் தடையில்லை. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வந்த ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இவை ஆகாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அதுவும் மழைக்காலத்தில், டெங்குவை மனத்தில் வைத்து பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். மெஃபனமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023-ல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. போட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தோலில் தடிப்பும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒத்தடம் கொடுப்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் நன்றாகவே கேட்கும். ரப்பர் பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள், கொதிக்கிற நீர் வேண்டாம். வாயருகே தண்ணீர் தெரியும்வரை பையை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். காற்று இருந்தால் பை உப்பிக்கொண்டு வயிற்றில் பதியாது. மூடியதும் தலைகீழாகப் பிடித்து, கசிகிறதா என்று பாருங்கள். துண்டில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள், வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். பை இல்லையென்றால் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துண்டு சுற்றி வைக்கலாம்.

மோரில் விழுங்கும் வெந்தயம் கெடுதல் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பித் தேர்வறைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. வயதுக்கு வந்து ஒரு வருடம் வலியே இல்லை. இப்போது ஒவ்வொரு மாதமும் துடிக்கிறாள். ஏதாவது கோளாறா? (பெரம்பூர் வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை. தொடக்க மாதங்களில் பலருக்கும் கருமுட்டை வெளியாவதில்லை. அப்போது வலியும் அதிகம் இருக்காது. முட்டை ஒழுங்காக வெளியாகத் தொடங்கியதும் வலி வரும். வழக்கமாக மூன்று நாளுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் மாத்திரையைச் சரியாகப் போட்டும் மூன்று மாதமாகக் கேட்கவில்லை, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வலிக்கிறது, மலம் கழிக்கும்போது குத்துகிறது, மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) போன்றவை இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையிலும், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவில் காட்டலாம். ஸ்கேன் என்றதும் பயப்பட வேண்டாம்: இந்த வயதில் வயிற்றின் மேல் வைத்துத்தான் எடுப்பார்கள், அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத் தேதிகள், எத்தனை நாப்கின், எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.