ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல் கம்பெனிக்கு பில் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்ட் டிசைன் செய்து தருகிறேன். வருடத்துக்குச் சுமார் 14 லட்ச ரூபாய் வருகிறது. இதுவரை தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், பணம் வந்துவிடும். இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், "ஜிஎஸ்டி பில் இல்லாம அக்கவுண்ட்ஸ்ல பாஸ் ஆகாதுங்க, தெரிஞ்சவங்க நம்பர்ல போட்டுக் குடுத்துருங்க" என்கிறார்கள். பெங்களூரு கம்பெனி ஒன்றும் டென்மார்க் பிராண்ட் ஒன்றும் புதிதாக வேலை தந்திருக்கின்றன. பில்லை எப்படிப் போடுவது?
- வாசகி, திருப்பூர்

பதில்: அடுத்தவர் நம்பரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இன்னொருவருடைய ஜிஎஸ்டி பதிவு எண்ணைப் பயன்படுத்தி பில் கொடுப்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 122வது பிரிவில் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அபராதம் 10,000 ரூபாய் அல்லது ஏய்க்கப்பட்ட வரி, இதில் எது அதிகமோ அது. நம்பர் கொடுத்தவரின் கணக்கில் உங்கள் வருமானம் ஏறும், அவருக்கும் தலைவலி.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் பாஸ் ஆகாது என்று அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் சொன்னதும் சரியல்ல. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்குச் சேவை தந்தாலே பதிவு வேண்டும் என்ற கட்டாயமும் இந்த வரம்புக்குள் இருப்பவர்களுக்கு 2017 அக்டோபரிலேயே தளர்த்தப்பட்டது. ஆகவே பெங்களூருக்கும் டென்மார்க்குக்கும் பதிவு இல்லாமலே நீங்கள் பில் போடலாம். பதிவில்லாத டிசைனரின் பில்லை எழுதுவதால் அந்தக் கம்பெனி தன் கையிலிருந்து வரி கட்டவும் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 20 லட்சக் கணக்கில் உங்கள் பான் எண்ணில் வரும் எல்லா விற்பனை, சேவை வரவும் சேரும். உங்கள் பெயரில் வீடு வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லையென்றாலும், அதுவும் கூட்டப்படும். வரம்பைத் தாண்டினால் 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பதிவு இல்லாத வரை உங்கள் பில்லில் 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்ற தலைப்போ ஒரு ரூபாய் ஜிஎஸ்டியோ இருக்கக் கூடாது. வசூலிக்க உங்களுக்கு உரிமை இல்லை; வசூலித்துவிட்டால் அது அரசின் பணம். வெறும் 'இன்வாய்ஸ்' என்று தலைப்பிட்டு, உங்கள் பெயர், முகவரி, பான், பில் எண், தேதி, கம்பெனியின் முழுப் பெயர், முகவரி, செய்த வேலை, தொகை, பேங்க் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றைப் போடுங்கள். கீழே 'ஜிஎஸ்டியில் பதிவு செய்யப்படவில்லை' என்று ஒரு வரி. வேலையை எழுதும்போது 'டிசைன் சார்ஜ்' என்று மொட்டையாக விடாமல், 'குழந்தைகள் டி-ஷர்ட், ரோட்டரி பிரிண்ட் டிசைன், 6 எண்ணம், ஒன்றுக்கு 4,500' என்று ஆர்டர் எண்ணோடு எழுதுங்கள். இந்த விவரம் இல்லாவிட்டாலும் பில் பாஸ் ஆகாமல் திரும்பலாம்.

ஜிஎஸ்டி எடுத்துவிடலாமா என்றால், உங்கள் பார்ட்டிகள் எல்லாம் கம்பெனிகளாக இருப்பதால் அதில் பெரிய நஷ்டம் இல்லை. நீங்கள் போடும் 18 சதவீதத்தை அவர்கள் கிரெடிட்டாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார்கள். நீங்களும் லேப்டாப், சாஃப்ட்வேர் சந்தாவுக்குக் கட்டிய வரியை எடுக்கலாம். ஆனால் பதிவு செய்த நாள் முதல் எல்லா உள்நாட்டு பில்லுக்கும் வரி போட வேண்டும். வேலையே இல்லாத மாதங்களுக்கும் ரிட்டர்ன் உண்டு, ஆடிட்டர் செலவும் உண்டு. ஒரே ஒரு கம்பெனி கேட்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம். பெரிய கம்பெனிகள் இரண்டு மூன்று இப்படிக் கேட்டாலோ, வரவு 20 லட்சத்தை நெருங்கினாலோ எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகு பில்லில் இன்னும் சில கூட வேண்டும்: உங்கள் ஜிஎஸ்டி எண், அவர்களுடையது, சேவைக் குறியீடு, வரி சேர்க்காத மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, ரிவர்ஸ் சார்ஜ் (சேவை பெறுபவரே வரி கட்டும் முறை) உண்டா இல்லையா, கையெழுத்து. வெளிமாநிலம் என்றால் சேவை சேரும் மாநிலத்தின் பெயரும் வேண்டும். டிசைன் சேவைக்குக் குறியீடு 998391. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பதால் 9983 என்ற முதல் நான்கு இலக்கமே போதும். பில் எண் 16 எழுத்துக்குள், நிதியாண்டு முழுக்க வரிசையாக, விட்டுப்போகாமல் வர வேண்டும்; '2026-27/014' என்பது போல. எழுத்து, எண் தவிர கோடும் சாய்கோடும் மட்டுமே அனுமதி. பார்ட்டிக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டால் பின்னால் நம்பர் குழம்பும். வேலையை முடித்துக் கொடுத்த 30 நாளுக்குள் பில் போட்டுவிட வேண்டும்.

அதிகம் தவறுவது எந்த வரி என்பதில்தான். பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 33 என்றால் தமிழ்நாடு: சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 9 சதவீதம். 29 என்றால் கர்நாடகம்: ஐஜிஎஸ்டி (வெளிமாநில பில்லுக்கான ஒரே வரி) 18 சதவீதம். ஃபேக்டரி திருப்பூரில், ஆபீஸ் பெங்களூரில் என்று இரண்டு எண் வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. எந்த எண்ணுக்கு பில் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் பார்த்துவிட்டுப் போடுங்கள். மாற்றிப் போட்டால் சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதற்கு ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டும்.

திருப்பூருக்கே உரிய குழப்பம் ஒன்று: எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் செய்வதால் ஜிஎஸ்டி கிடையாது என்பார்கள். ஏற்றுமதி செய்வது அவர்கள். அவர்களுக்கு நீங்கள் செய்வது உள்ளூர் சேவை, 18 சதவீதம் உண்டு. டென்மார்க் பிராண்டுக்கு நேரடியாகச் செய்து, அங்கிருந்து அந்நியச் செலாவணியில் பணம் வந்தால்தான் உங்களுடையது ஏற்றுமதி. பதிவு எடுத்திருந்தால் அதற்கு ஒவ்வொரு நிதியாண்டும் ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதம்) தாக்கல் செய்து, வரி செலுத்தாமல் எல்யூடியின் கீழ் ஏற்றுமதி என்ற வாசகத்தை பில்லில் போட வேண்டும். அந்த பிராண்டுக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் பையிங் ஹவுஸ் உங்களை அமர்த்தி ரூபாயில் பணம் தந்தால் அது சாதாரண உள்ளூர் பில்தான்.

டிடிஎஸ்ஸையும் (பணம் தரும்போதே கம்பெனி பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பில் போடும்போதே கணக்குப் பண்ணிவிடுங்கள். ஒரு கம்பெனி ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் தந்தால் 10 சதவீதம் பிடிக்கும். அந்த வரம்பைத் தாண்டிய உள்ளூர் கம்பெனிக்கு, ஜிஎஸ்டி பதிவோடு பில் போடுவதாக வைத்துக்கொள்வோம்: மேலே சொன்ன ஆறு டிசைனுக்கு 27,000 ரூபாய். ஜிஎஸ்டி 2,430 வீதம் இரண்டு, மொத்தம் 31,860. டிடிஎஸ் 27,000-க்கு மட்டுமே, அதாவது 2,700. பேங்குக்கு வர வேண்டியது 29,160. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டாமல் 'வரி உட்பட 31,860' என்று எழுதினால் முழுத் தொகைக்கும் பிடித்து 3,186 கழித்துவிடுவார்கள். பில்லில் பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் போகும்.

பில் போன பிறகு டிசைன் ஒன்றை வேண்டாம் என்றால் பழைய பில்லைத் திருத்தி அதே நம்பரில் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி இருந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போடுங்கள். அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் காட்டிவிட வேண்டும்.

பணம் இழுத்தடிப்பதற்கும் ஒரு வழி உண்டு. சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவை ஆன்லைனில் இலவசமாக எடுத்து, அந்த எண்ணை எல்லா பில்லிலும் அச்சிடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வட்டியை யாரும் எளிதில் தரமாட்டார்கள். அவர்களைச் சுடுவது வேறு. கெடு தாண்டிய தொகையைக் கொடுக்கும் ஆண்டில்தான் அவர்களால் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் முதல் வாரத்தில் உதயம் எண்ணோடு ஒரு நினைவூட்டல் அனுப்பினால் அவர்கள் ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார். இந்த நாள் கணக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது. பில் தேதியிலிருந்து அல்ல. அதனால் ஃபைனல் ஃபைலை வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் ஈமெயிலிலும் அனுப்பி, அதை அழிக்காமல் வையுங்கள்.